கோடு போட்டது கோர்ட்டு, வழி விட்டது யாரு?

(தலைப்பு: யானைகளின் வழித்தடத்தைப் பெரிதும் காப்பது சட்டமே! மக்கள் ஆதரவே! — ‘மக்கள் ஆதரவே’ என்ற அணியில் ஆற்றிய உரை)



இந்தத் தலைப்பைக் கொடுத்த அன்னைக்கு என் வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டாங்க. “ஏங்க, மனுஷனுக்குத்தான் பட்டிமன்றம் போடுவாங்க. யானைக்கு எதுக்குங்க பட்டிமன்றம்? அதுக்கென்ன ஓட்டா இருக்கு?” நான் சொன்னேன், “அடி போடி! அதுக்கு ஓட்டு மட்டும் இருந்திருந்தா பட்டிமன்றமே தேவைப்பட்டிருக்காது. இந்நேரம் ஊருக்கு ஊர் யானைக்குன்னு மேம்பாலமே கட்டிக் கொடுத்திருப்பாங்க!” (சிரிப்பு)

நடுவர் அவர்களே, வழித்தடம் வழித்தடம்னு ரெண்டு அணியும் அரை மணி நேரமா பேசுறோம். முன்வரிசையில ஒரு அம்மா பக்கத்துல இருக்கிறவங்களை மெதுவாக் கேட்டாங்க, “வழித்தடம்னா ரோடுங்களா?”ன்னு. அவங்க கேட்டது நியாயம். சுருக்கமாச் சொல்லிடறேன். நம்ம பழைய வீடுகள்ல முன்னால கூடம் இருக்கும், பின்னால அடுப்படி இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு நடை இருக்கும். நடையில யாரும் படுக்கறதில்ல, சமைக்கறதில்ல. சும்மா கிடக்கு. சும்மாத்தானே கிடக்குன்னு அந்த நடையை மட்டும் ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டுட்டா என்ன ஆகும்? கூடத்துல இருக்கிறவன் அடுப்படிக்குப் போக முடியாது. கூடமும் நம்மளோடதுதான், அடுப்படியும் நம்மளோடதுதான், ஆனா பசிச்சாப் போக வழியில்ல. யானை வழித்தடம்ங்கிறது அந்த நடை. ரெண்டு பெரிய காடுகளை இணைக்கிற ஒரு குறுகலான துண்டு நிலம்.

ஒரு வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீவனம் வேணும். யானைப் பசிக்குச் சோளப்பொரின்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? இவ்வளவும் ஒரே இடத்துல நின்னு தின்னா அந்தக் காடு மொட்டையாயிடும். அதனாலதான் அது நடந்துக்கிட்டே இருக்கு. மழைக்கு ஒரு காடு, கோடைக்கு ஒரு காடு. கூட்டத்துக்கு மூத்த பெண் யானை தலைவி. அவ எந்த ஆத்தங்கரையைப் பிடிச்சுப் போறாளோ அந்த வழியில மகள் போவா, பேத்தி போவா. வழியை மாத்திக்கோம்மான்னு அரசாணை அனுப்பினா அது போய்ச் சேராது. 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 15 மாநிலங்களில் 150 யானை வழித்தடங்கள் இருக்கின்றன. அதுல பலது காட்டுக்கு நடுவுல இல்ல, ஊருக்குப் பக்கத்துல இருக்கு. சிலது ஊருக்குள்ளேயே இருக்கு. தகராறே அங்கதான்.

எதிரணித் தலைவர் வக்கீல். வக்கீல்கிட்ட வாயைக் கொடுக்கக் கூடாதுன்னு எங்க அப்பா சொல்லியிருக்காரு. இருந்தாலும் கொடுத்துத்தான் ஆகணும். அவர் சீகூர் வழக்கை எடுத்துக்காட்டினாரு. அருமையான எடுத்துக்காட்டு. நான் மறுக்கல. முதுமலைக்குப் பக்கத்துல, மசினகுடியைச் சுத்தி இருக்கிற பீடபூமி அது. ஒரு பக்கம் நீலகிரியோட செங்குத்தான சரிவு, மறுபக்கம் மாயாறு ஓடுற ஆழமான பள்ளத்தாக்கு. நடுவுல ஒரு தட்டையான பூமி. மேற்குத் தொடர்ச்சி மலை யானை கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போகணும்னா அந்த வழியாத்தான் போகணும். அந்த வழியில விடுதிகளைக் கட்டினாங்க, சுத்தி மின்வேலி போட்டாங்க, ராத்திரியில லைட்டைப் போட்டாங்க, பாட்டைப் போட்டாங்க. 2008-ல் சென்னை உயர்நீதிமன்றத்துல வழக்கு. 2011-ல் வழித்தடம் செல்லும்னு தீர்ப்பு. மேல்முறையீடு. 2018 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் 27 விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபர் 14-ஆம் தேதி இறுதித் தீர்ப்பு, யானை வழித்தடம் செல்லும்னு. எதிரணித் தலைவர் இந்த இடத்துல நிறுத்திட்டு, “பார்த்தீர்களா சட்டத்தின் வலிமையை!”ன்னு கையைத் தூக்கினாரு. நீங்களும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன்.

ஆனா ஐயா, காலண்டர்ல அடுத்த தாளைக் கிழிக்காம உட்கார்ந்துட்டீங்களே!

2020 அக்டோபர் போச்சு. நவம்பர், டிசம்பர் போச்சு. 2021 ஜனவரி. அதே மசினகுடி. ஏற்கெனவே காயத்தோட திரிஞ்சுக்கிட்டிருந்த ஒரு ஆண் யானை, ராத்திரி ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்துச்சு. எரியற டயரை அது மேல வீசினாங்க. அது காதுல போய் மாட்டிக்கிச்சு. நெருப்போட அந்த யானை இருட்டுல ஓடுற வீடியோவை நீங்களெல்லாம் பார்த்திருப்பீங்க. நான் ஒரு தடவை பார்த்தேன், ரெண்டாம் தடவை பார்க்க முடியல. சில நாள்ல அது செத்துப் போச்சு. லாரியில கிடந்த அந்த யானையோட தும்பிக்கையைத் தடவித் தடவி ஒரு வனத்துறைப் பணியாளர் அழுத காட்சியும் வந்துச்சு.

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் தீர்ப்பு எழுதி மூணு மாசம்கூட முழுசா ஓடல. மை காயறதுக்குள்ள டயர் எரிஞ்சுடுச்சு. சட்டம் வரலையா? வந்துச்சு. கைது பண்ணுச்சு, அந்த விடுதிக்குச் சீல் வச்சுச்சு. எல்லாம் யானை எரிஞ்சதுக்கு அப்புறம். டயரைத் தூக்குற அந்தக் கையை அந்த நிமிஷத்துல பிடிக்கிறதுக்கு அங்க நீதிபதி இருக்க முடியாது, வனச்சரகர் இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரன்தான் இருக்க முடியும். “டேய், வேண்டாம்டா”ன்னு சொல்ல ஒரு மனுஷன் இருந்திருந்தா அந்த யானை அன்னைக்கு எரிஞ்சிருக்காது. என் அணியோட வாதம் அவ்வளவுதான்.

(நடுவர்: “அந்த ‘வேண்டாம்டா’ சொல்ற தைரியமே சட்டம் இருக்கிறதால வருதுன்னு அவங்க சொல்வாங்களே?”)

சொல்லுவாங்கய்யா. சொல்லட்டும். பதில் இருக்கு, வரேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். அங்கே கோடு போட்டப்போ விடுதிக்காரங்க மட்டும் எதிர்க்கல. காலங்காலமா அங்கேயே இருக்கிற பழங்குடி மக்களும், சின்ன விவசாயிங்களும் பயந்து போய் வீதிக்கு வந்தாங்க. “யானையோட இத்தனை வருஷம் வாழ்ந்தது நாங்க, எங்களையும் சேர்த்துக் கட்டம் கட்டிட்டீங்களே”ன்னு கேட்டாங்க. விடுதி கட்டினவனும் ஒண்ணு, ராகி விதைச்சவனும் ஒண்ணுன்னு ஒரே மையில வரைஞ்சா, காட்டுக்குக் காவல் நிக்க வேண்டியவன் காட்டுக்கு எதிரா நிப்பான். சட்டம் செஞ்சது தப்புன்னு சொல்லல. பாதி செஞ்சுதுன்னு சொல்றேன்.

சரி, மீதிப் பாதி எங்க நடந்துச்சு? நான் புஸ்தகத்துல படிச்ச ஊரைச் சொல்லப் போறதில்ல. நான் பிறந்த ஊரைச் சொல்லப் போறேன்.

வால்பாறை. ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினா எங்க ஊரு. ஏறும்போது வாந்தி எடுக்காதவங்க கை தூக்குங்க... யாருமில்ல. (சிரிப்பு) சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. பெரும்பாலும் தேயிலை. சுத்தி நாலு பக்கமும் காடு. ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் எல்லாம் எங்களைச் சுத்தித்தான் இருக்கு. நூத்து முப்பது வருஷத்துக்கு முன்னால எங்க ஊரும் காடாத்தான் இருந்துச்சு. வெள்ளைக்காரன் வெட்டினான், செடி நட்டான், கீழ் நாட்டுல பஞ்சத்துல கிடந்த எங்க பாட்டன் பாட்டியைக் கூட்டிட்டு வந்து லைன் வீட்டுல குடி வச்சான். யானைகிட்ட யாரும் கேட்கல. எங்க பாட்டன்கிட்டயும் யாரும் கேட்கல. யானைக்கு அது தெரியாது. அது பழையபடி நடு ஆறு, சோலையாறு கரையோரமா இருக்கிற மரங்களைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் காட்டுல இருந்து அந்தக் காட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு.

1997-ல் நான் எட்டாவது படிச்சேன். எங்க அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில வேலை, அம்மா கொழுந்து பறிக்கிறவங்க. எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு சித்தப்பா இருந்தாரு. கூடப் பிறந்த சித்தப்பா இல்ல, லைன்ல எல்லாரும் சித்தப்பா பெரியப்பாதான். ஒரு சனிக்கிழமை டவுனுக்குப் போய் அரிசி பருப்பு வாங்கிட்டுக் கடைசி பஸ்ஸுல வந்து இறங்கினாரு. பஸ் நிக்கிற இடத்துக்கும் லைனுக்கும் அரை மைல் இருக்கும். மார்கழி மாசம். எங்க ஊரு பனியைப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தெரியல, நீட்டின கை நமக்கே தெரியாது. தேயிலைக்கு நடுவுல யானை அசையாம நின்னா பத்தடியில இருந்து பார்த்தாலும் பாறை மாதிரித்தான் இருக்கும். அங்க யானை நிக்குதுன்னு அவருக்கு யாரும் சொல்லல. யாருக்கும் தெரியாது, யார் சொல்றது? காலையில மஸ்டருக்குப் போனவங்கதான் முதல்ல அரிசிப் பையைப் பார்த்தாங்க.

சித்தி கையில ரெண்டு வயசுப் பிள்ளை.

அன்னைக்கு ராத்திரி எங்க லைன் ஆம்பளைங்க எல்லாம் பந்தம் கொளுத்தினாங்க. தகரத்தைத் தட்டிக்கிட்டு, பட்டாசை வெடிச்சுக்கிட்டு, அந்தக் கூட்டத்தை விடிய விடிய விரட்டினாங்க. பசங்க நாங்களும் போனோம். கல்லெடுத்து எறிஞ்சோம். நானும் எறிஞ்சேன். அதுல ஒரு குட்டி இருந்துச்சு. பெரிய யானைங்க அதைச் சுத்தி நின்னுக்கிட்டு ஒரு அடி கூட நகராம கத்துச்சுங்க. அது பயத்துல கத்துதுன்னு எனக்கு அன்னைக்குத் தெரியல. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்.

மூணாம் நாள் அதே கூட்டம் அதே ஆத்தங்கரைக்கு வந்து நின்னுச்சு. எங்களுக்கு ஆத்திரம். விரட்டி விட்டாலும் திரும்பி வருதேன்னு. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுது. அது எங்ககிட்ட வரல நடுவர் அவர்களே, அது போய்க்கிட்டு இருந்துச்சு. போறதை வர்றதுன்னு நெனச்சு விரட்டினோம். மேற்கே போக வேண்டியதைக் கிழக்கே விரட்டினா, அது சுத்திக்கிட்டு மறுபடி மேற்கேதானே வரும்? விரட்டுன ஒவ்வொரு ராத்திரியும் அதை நாங்களே எங்க லைனுக்கு நடுவுல கூடுதலா ஒரு நாள் நிறுத்தி வச்சிருக்கோம்.

அதுக்கப்புறம் சில வருஷத்துல ஒருத்தர் வந்தாரு. பேரு ஆனந்தகுமார், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்ங்கிற அமைப்போட ஆராய்ச்சியாளர். நோட்டும் பேனாவுமா யானை பின்னாலேயே சுத்துவாரு. “படிச்சவருக்குப் பாவம் என்ன ஆச்சோ”ன்னு எங்க ஊர்ல பேசிக்கிட்டாங்க. (சிரிப்பு) அவர் ஒரு வேலை செஞ்சாரு. யானையால செத்தவங்க ஒவ்வொருத்தரும் எங்க, எந்த நேரத்துல, எப்படிச் செத்தாங்கன்னு வீடு வீடாப் போய்க் கேட்டாரு. கேட்டுக் கேட்டு ஒரு உண்மை வெளியே வந்துச்சு. பெரும்பாலான சாவு, யானை தேடி வந்து அடிச்சதால நடக்கல. சாயங்காலத்துக்கு மேல ரோட்டுலயும் தோட்டத்துலயும், அங்க யானை இருக்குன்னு தெரியாம நேருக்கு நேர் மோதினதால நடந்தது. எங்க சித்தப்பா மாதிரி.

அப்போ மருந்து என்ன? வேலியா? துப்பாக்கியா? புதுச் சட்டமா? இல்ல. “அங்க யானை நிக்குது”ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான். எப்படிச் சொல்றது? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்க லைன்ல எல்லா வீட்டுலயும் எல்லாரும் எதைப் பார்ப்பாங்க? நீங்க பார்க்கிறதைத்தான்! (சிரிப்பு) உள்ளூர் கேபிள் டி.வி.யில அடியில எழுத்து ஓட விட்டாங்க. இன்ன எஸ்டேட்டுல, இத்தனையாம் நம்பர் காட்டுல யானை நிக்குதுன்னு. மேல சீரியல்ல மாமியார் அழுதுக்கிட்டிருப்பாங்க, கீழே யானை ஓடிக்கிட்டிருக்கும். மருமகளுங்க ரெண்டையும் கவனமாப் பார்த்தாங்க, ரெண்டும் ஆபத்துங்கிறதால! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

தாய்மார்கள் கோவிச்சுக்கக் கூடாது. எங்க வீட்டுலயும் மாமியார் உண்டு, இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பாங்க.

2011-ல் இருந்து செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஆரம்பிச்சாங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத எங்க பெரியம்மா மாதிரி ஆளுங்களுக்கு, போன் அடிச்சுக் குரல்லயே சொல்ற ஏற்பாடும் வந்துச்சு. அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு சமாச்சாரம். பஸ் நிக்கிற இடம், முச்சந்தி, இப்படி ஜனங்க நடமாடுற இடத்துல உயரமான கம்பத்துல ஒரு சிவப்பு விளக்கு. அந்த விளக்குக்குள்ள ஒரு சிம் கார்டு. பதிவு பண்ணின போன்ல இருந்து அதுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தா எரியும், திரும்பக் கொடுத்தா அணையும். உலகத்துக்கே பெரிய பெரிய கண்டுபிடிப்பைக் கொடுத்தவங்க உண்டு, மிஸ்டு காலைக் காசில்லாம இத்தனை உபயோகமாப் பயன்படுத்தினது நம்ம ஆளுங்கதான். விளக்கு எரிஞ்சா, ஒரு கிலோமீட்டருக்குள்ள யானை இருக்கு, பார்த்துப் போன்னு அர்த்தம். பஸ் டிரைவர் அதைப் பார்த்தா, இறங்குறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாரு.

இதுக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் லண்டன்ல விட்லி விருது கொடுத்தாங்க. வனத்துறை கூட நின்னுச்சு, எஸ்டேட்டுக்காரங்க கூட நின்னாங்க, மறுக்கல. ஆனா ஒண்ணு கேக்கிறேன். அந்த விளக்கைப் போடுறது யாரு? ஆபீசர் இல்ல. அந்த லைன்ல குடியிருக்கிறவங்கதான். கம்பத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடைக்காரர், வாட்ச்மேன், கொழுந்து பறிக்கிற அக்கா. யானையைப் பார்த்துட்டுச் சேதி சொல்றதும் அவங்கதான். போன் போடணும்னு எந்த அரசாணையும் அவங்களுக்கு இல்ல. போடலன்னா அபராதமும் இல்ல. ராத்திரி பதினோரு மணிக்குப் பத்து மணி நேர உழைப்போட அலுப்புல படுத்திருக்கிறவங்க எழுந்திருச்சு விளக்கைப் போடுறாங்களே, அதை எந்தச் சட்டப்பிரிவுல சேர்ப்பீங்க?

அது வந்ததுக்கப்புறம் சாவு குறைஞ்சுது. நின்னு போகல. குறைஞ்சுதுன்னுதான் சொல்றேன், மேடையில நின்னுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது. இன்னைக்கும் எங்க ஊர்ல சாவு விழுது. யானை ரேஷன் கடைச் சுவரை இடிக்கும், சத்துணவுக் கூடத்துக் கதவைப் பிச்சு அரிசியும் உப்பும் திங்கும். எங்க ஜனங்களுக்குக் கோவம் வரும். வராம என்ன செய்யும்? அரிசி மூட்டை போனா நஷ்டஈடு வாங்க நாலு தடவை நடக்கணும்னா, அந்த அஞ்சாம் தடவை அவன் கையில பந்தம்தான் இருக்கும்.

இங்கதான் எதிரணிப் பேராசிரியை அம்மாவுக்குப் பதில் சொல்லணும். “மக்கள் ஆதரவு ஆதரவு என்கிறீர்களே, ஆதரவு கொடுத்துவிட்டு ஏழை சாக வேண்டுமா? டவுனில் இருப்பவன் யானையை ரசிப்பான், எஸ்டேட்டில் இருப்பவன் மிதிபட வேண்டுமா?” என்று கேட்டாங்க. அம்மா, இன்னைக்கு ரெண்டு அணியிலயும் பேசினதுல இதுதான் நல்ல கேள்வி. நான் உங்க கட்சியிலயே சேர்ந்திருப்பேன், நடுவர் விடமாட்டாரு. ஆதரவுங்கிறது ஏழைகிட்ட இலவசமாக் கேட்டு வாங்குற தானம் இல்லம்மா. லைன் வீட்டுக்கு உள்ளேயே கக்கூஸ் கட்டிக் கொடு, அவ ராத்திரி தேயிலைக்குள்ள போக வேண்டியதில்ல. கடைசி பஸ்ஸை லைன் வாசல் வரைக்கும் விடு. போன நஷ்டத்துக்குப் பணத்தை அலைய விடாமக் கொடு. அப்படிச் செஞ்சுட்டு வந்து கேளு, எங்க ஜனம் யானைக்கு வழி விடும். பாதி இடத்துல இதெல்லாம் செய்யாதப்பவே விட்டாங்களேங்கிறதுதான் எனக்கு ஆச்சரியம்.

வயநாட்டுல திருநெல்லிப் பக்கம் இப்படித்தான் ஒரு வழித்தடத்தை மீட்டாங்க. வழியிலேயே குடியிருந்த குடும்பங்களைப் போலீசை வச்சுக் கிளப்பல. உட்கார்ந்து பேசி, சம்மதம் வாங்கி, அவங்களுக்கு வேற இடத்துல நிலமும் வீடும் கொடுத்தாங்க. 2015-ல் அந்த நிலம் கேரள வனத்துறைகிட்ட வந்துச்சு. அந்த ஜனங்களும், யானையும் பயிரை வச்சு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி நொந்து போயிருந்தாங்க, நல்ல வழி காட்டினதும் கிளம்பினாங்க.

எங்க ஊர்ல இன்னொரு வழித்தடம் இருக்கு, அதைச் சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. வால்பாறை டவுனை ஒட்டியே புதுத்தோட்டம்னு ஒரு எஸ்டேட். அங்க ஒரு துண்டுச் சோலையில சிங்கவால் குரங்குங்க இருக்கு. உலகத்துலேயே மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா வேற எங்கேயும் கிடையாது. மரத்துலேயே வாழ்ற ஜாதி. ரோடு போட்டதும் மரக்கிளை அந்துபோச்சு, கீழே இறங்கித்தான் ரோட்டைத் தாண்டணும், காரு அடிச்சுடும். என்ன செஞ்சாங்க தெரியுமா? தீயணைப்பு வண்டியில தண்ணி பீய்ச்சுவாங்களே அந்தக் குழாய், அதைத் தொட்டில் கட்டுற மாதிரி ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் கட்டி விட்டாங்க. குரங்குங்க குட்டியை வயித்துல தொங்கவிட்டுக்கிட்டு ஜம்முனு நடந்து போகுது. கீழே ஒரு ஆள் கம்போட நின்னு, வர்ற காரை “மெதுவாப் போங்க சார், தீனி போடாதீங்க சார்”ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஊட்டி வர்ணிக்கிறவங்க எங்க ஊருக்கும் ஒரு தடவை வாங்க, பார்த்துட்டுப் போங்க. சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் கார்லயே வச்சுடுங்க.

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஐயா, ரெண்டே நிமிஷம். நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கு. ‘வேண்டாம்டா’ன்னு சொல்ற தைரியம் சட்டத்துல இருந்து வருதா, வேற எங்கிருந்து வருதான்னு கேட்டீங்க.

எங்க லைனுக்கு விளக்கு வந்தப்போ போன் நம்பரை யார் பேர்ல பதியறதுன்னு பேச்சு வந்துச்சு. ஆம்பளைங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. எங்க சித்தி எழுந்திருச்சு, “என் நம்பரை எழுதிக்குங்க”ன்னாங்க. 1997-ல் புருஷனைப் பறிகொடுத்த அதே சித்திதான். யாரும் ஒண்ணும் பேசல.

2013-ல் ஒரு நாள். நான் அன்னைக்கு ஊருக்குப் போயிருந்தேன், அவங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஆத்தங்கரையில கூட்டம் இறங்கிடுச்சுன்னு சேதி வந்துச்சு. சித்தி போனை எடுத்து மிஸ்டு கால் கொடுத்தாங்க, விளக்கு எரிஞ்சுது. பத்து நிமிஷத்துல போன் அடிக்குது. அவங்க பையன். அந்த ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இப்ப பதினெட்டு வயசு. பொள்ளாச்சியில காலேஜ் படிக்கிறான், லீவுக்கு வர்றான், பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில நிக்கிறான். “அம்மா, மழை கொட்டுது, பசிக்குது, பட்டாசைப் போட்டு விரட்டச் சொல்லும்மா, அஞ்சு நிமிஷத்துல ஓடி வந்துடறேன்.”

அவனுக்கு விரட்டச் சொல்ல உரிமை இருக்கு. அவங்க அப்பனைத் தின்ன வழி அது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் பட்டாசை எடுத்துட்டே வந்துட்டான். சித்தி அவன் கையில இருந்த பட்டாசை வாங்கி மடியில கட்டிக்கிட்டாங்க. போன்ல, “நில்லுடா அங்கேயே. நான் சொல்ற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்காதே”ன்னாங்க.

ஒன்றரை மணி நேரம். நாங்க யாரும் வாசலை விட்டு நகரல. கொட்டுற மழையில ஆத்துப் பக்கம் கிளை ஒடியற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. சித்தி இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுட்டு விளக்கை அணைச்சாங்க. பையன் சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நின்னான். கோவத்துல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, “போயிடுச்சா உன் யானை?”ன்னு கேட்டான்.

சித்தி தலையைத் துவட்டி விட்டுக்கிட்டே சொன்னாங்க: “போயிடுச்சுடா. குட்டி ஒண்ணு பின்தங்கிடுச்சு போல. அதான் லேட்டு. உள்ள வா, சோறு ஆறுது.”

(நீண்ட கைதட்டல்)